கால் முறிந்தால் வண்டி வரும், மனம் முறிந்தால்?

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம் மேடைகளில் அதிகம் பேசப்படுவதன்று. நீர்ப்பாசனம் பற்றிப் பேசினால் கைதட்டுவீர்கள். நெல்லின் விலை பற்றிப் பேசினால் எழுந்து நின்று கேட்பீர்கள். மனநோய் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் முன்வரிசையிலே சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதைக் கண்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை. கோபம் வந்த நேரத்தில் "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்பவேண்டும்" என்று ஒருமுறையாவது சொல்லாதவர் நம்மில் எத்தனை பேர்? ஒரு வைத்தியசாலை இருந்த ஊரின் பெயரையே வசைமொழியாக்கி வைத்திருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆகையால் உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் வழக்காடப் போவதில்லை.

என் சின்னையாவின் மகன் ஒருவர் வன்னியிலே கமம் செய்கிறார். 2021 ஆம் ஆண்டில் இரசாயன உரத்தின் இறக்குமதியை அரசாங்கம் ஒரே உத்தரவில் நிறுத்தியதும், அவ்வாண்டு முடிவதற்குள் அதையே மாற்றிக்கொண்டதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்தக் காலபோகத்தில் அவர் வயல் பாதி விளைந்தது, மீதி பதராயிற்று. கடனுக்கு எடுத்த உழவு இயந்திரத்தின் தவணையோ பாதியாகவில்லை. மாசி மாதத்தில் அவருக்கு உறக்கம் அற்றது. நான்கு இரவுகள் கண் மூடவில்லை. ஐந்தாம் இரவு, யாரோ வரம்பை வெட்டுகிறார்கள் என்று கூவிக்கொண்டு மண்வெட்டியுடன் வயலுக்கு ஓடினார். அங்கே எவரும் இல்லை. மனைவியும் பிள்ளைகளும் அலறினர். அயலவர் நால்வர் சேர்ந்து மாடு கட்டும் கயிற்றால் அவரைப் பிணைத்தனர். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். வேறு என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியாது. பின்பு பொலிசுக்கு அறிவித்தார்கள்.

ஜீப் வந்தது. இரு பொலிஸ்காரர் இறங்கினர். ஒருவர் இளைஞர், தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அவருக்கு ஒரு செம்பு தண்ணீர் பருக்கினார் என்று இன்றும் வீட்டார் நன்றியோடு சொல்லுகிறார்கள். ஆனால் கயிற்றை அவிழ்த்தபின் கைவிலங்கே பூட்டப்பட்டது. இரவில் ஒரு வைத்தியசாலை. அங்கே மனநோய்க்கு உரியவர் இல்லை. விடிந்தபின் வேறொரு வைத்தியசாலை. மருந்து கொடுத்தார்கள், உறங்கினார், மூன்று கிழமையில் வீடு திரும்பினார். அடுத்த போகம் விதைத்தார். சென்ற முறை நான் போனபோது பொலியோடு நின்ற வயலைக் காட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "அண்ணை, வருத்தம் மாறிட்டுது. ஊர் அந்த ஜீப்பை மறக்குதில்லை." அவருடைய மூத்த மகளுக்குப் பேசிவந்த சம்பந்தம் அந்த ஜீப்பினால் நின்றுபோயிற்று.

பெருமக்களே! அன்றிரவு அவர் மண்வெட்டியால் காலை வெட்டிக்கொண்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்திருப்பார்கள். சுவசெரிய வண்டி வந்திருக்கும். பயிற்சி பெற்றவர் இறங்கி இரத்தத்தை நிறுத்தியிருப்பார். வீட்டாரிடம் ஒரு சதமும் கேட்டிருக்க மாட்டார். ஊரார் மறுநாள் பழமும் பாலும் கொண்டுபோய்ப் பார்த்திருப்பார்கள். சம்பந்தமும் நின்றிராது.

அந்த 1990 சேவை எப்படி வந்தது என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். 2016 இல் இந்திய அரசாங்கத்தின் நன்கொடையால் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் அது தொடங்கிற்று. 2018 யூலை 21 ஆந் திகதி யாழ்ப்பாணத்திலே விழா வைத்து வட மாகாணத்துக்கும் அது விரிக்கப்பட்டது. அதே ஆண்டில் பாராளுமன்றம் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றி, ஒரு தாபனத்தை நிறுவியது. இதிலே கவனிக்கவேண்டியது என்ன? வண்டிகள் நன்கொடையாய் வந்தன. ஆனால் நன்கொடையை நம்பி அச்சேவையை விட்டுவிடவில்லை. சட்டம் உண்டாயிற்று, ஆண்டுதோறும் அரசாங்கப் பணம் ஒதுக்கப்பட்டது, ஆகவே அது நின்றது. இந்த நாட்டிலே இலவசமாகவும் விரைவாகவும் வீட்டு வாசலுக்கு உதவி வரச்செய்ய முடியாது என்று இனி எவரும் சொல்ல இயலாது. செய்தாயிற்று. ஆனால் அவ்வண்டியில் வருவோர் மூச்சையும் இரத்தத்தையும் காப்பதற்கென்று பயின்றவர்கள். மனம் கலங்கி நிற்பவனோடு ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதற்கென்று அச்சேவை அமைக்கப்படவில்லை. அதற்கென்று ஒரு குழு வேண்டும். அதை அரசாங்கம் தன் பணத்தில், தன் நிரந்தர ஆளணியில் வைத்து நடத்தவேண்டும். நான் இன்று கேட்பது இவ்வளவுதான்.

என் தொழிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மனநோயாளரைப் பற்றி இந்நாட்டில் வெள்ளையர் எழுதிய சட்டம் 1873 ஆம் ஆண்டுக்குரியது. சித்த சுவாதீனம் அற்றவர் என்று ஐயுறப்படுபவரை மாவட்ட நீதிமன்றத்தின் முன் நிறுத்தி விசாரிக்கும் முறையை அது வகுத்தது. 1956 இல் அது திருத்தப்பட்டு, தாமாகவே வைத்தியசாலையை நாடுவோருக்கும் வழி செய்யப்பட்டது. அதற்கு மேல், இருபத்தோராம் நூற்றாண்டு பிறந்து பல ஆண்டுகள் சென்ற பின்னும் அச்சட்டமே நம்மை ஆண்டது. பொலிஸ்காரர், நீதிவான், வைத்தியர் என்ற வரிசையில் எழுதப்பட்ட சட்டம் அது. இன்னும் ஒன்று: தன்னுயிரை மாய்க்க முயன்று தப்பியவன் இந்நாட்டில் 1998 வரை குற்றவாளி. நான் கறுப்பு அங்கி அணிந்த புதிதில் அப்படிப்பட்டவர்களைக் கூண்டிலே கண்டிருக்கிறேன். கழுத்திலே துணி சுற்றிக்கொண்டு, தலை குனிந்து நின்ற ஓர் இளம்பெண்ணை நான் மறக்கவில்லை. 1998 இல் அந்தக் குற்றம் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் நம் பழக்கம் நீங்கவில்லை. இன்றும் முதலில் நினைவுக்கு வருவது பொலிஸ்தான்.

கமக்காரர்கள் இனி நான் சொல்வதைச் சற்று உன்னிப்பாகக் கேட்கவேண்டும். இதில் உங்கள் அனுபவமும் கலந்திருக்கிறது. 1995 ஆம் ஆண்டளவில் இலங்கையிலே இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் மக்கள் தம்முயிரை மாய்த்துக்கொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. வீட்டுக் கோடியில் வைத்திருந்த பயிர்மருந்தே பலரின் உயிரைக் கொண்டுபோயிற்று. அரசாங்கம் 1995 இல் மிகக் கொடிய பூச்சிநாசினிகளைத் தடை செய்தது. 1998 இல் எண்டோசல்பானைத் தடை செய்தது. 2008 இலிருந்து பரகுவட் முதலியவற்றைப் படிப்படியாய் விலக்கிற்று. விளைச்சல் படுத்துவிடும் என்று அப்போது சொன்னார்கள். அத்தடைகளால் விளைச்சல் குறைந்ததற்கு ஆய்வுகளில் சான்று கிடைக்கவில்லை. மரண விகிதமோ இருபது ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கிற்று. 1995 க்கும் 2015 க்கும் இடையில் ஏறக்குறைய 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்று ஆய்வாளர் கணக்கிட்டனர்.

இதன் பொருள் என்ன? அத்தனை பேருக்கும் துயரம் தீர்ந்துவிட்டதா? கடன் அழிந்துவிட்டதா? இல்லை. கொடிய நஞ்சு கைக்கெட்டவில்லை, அவ்வளவே. அந்த வேளை கடந்தது. கடந்தபின் பெரும்பாலோர் வாழ்ந்தார்கள். மனிதனைக் கொல்லும் நெருக்கடி பல தடவைகளில் சில மணி நேரமே நிற்கிறது, சில வேளை சில நிமிடமே நிற்கிறது என்பதை நமது நாடே உலகுக்கு நிரூபித்துக் காட்டியிருக்கிறது. அந்தச் சில மணி நேரத்துக்குள் ஒரு மனிதர் வந்து பக்கத்தில் உட்காரவேண்டும். நஞ்சை எடுத்துவிட்டோம், அந்த மனிதரை மட்டும் இன்னும் அனுப்பவில்லை.

அப்படி அனுப்பிய ஊர் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலே யூஜீன் என்று ஒரு நகரம். அங்கே ஒயிட் பேர்ட் என்ற வைத்திய நிலையம் 1969 இலிருந்து ஏழைகளுக்குத் தொண்டு செய்துவந்தது. 1989 இல் அந்நிலையமும் நகர நிர்வாகமும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. மனநெருக்கடி பற்றி அழைப்பு வந்தால் பொலிஸ் வண்டிக்குப் பதிலாக ஒரு சாதாரண வான் போகும். அதில் இருவர்: ஒருவர் தாதி அல்லது அவசர முதலுதவி பயின்றவர், மற்றவர் மனநெருக்கடியில் பேசிப் பழகியவர். சீருடை இல்லை, துவக்கு இல்லை, விலங்கு இல்லை. கஹூட்ஸ் என்று அச்சேவைக்குப் பெயர். அமெரிக்கப் பொலிஸ்காரர் கையிலே துவக்கில்லாமல் எங்கும் போகார் என்பதை நினைத்துக்கொண்டால் அந்த ஏற்பாட்டின் அருமை விளங்கும்.

2019 இல் அந்தக் குழு ஏறத்தாழ 24,000 அழைப்புக்களைக் கவனித்தது. அவற்றுள் பொலிஸ் துணையை எத்தனை முறை கேட்டது? 150 முறை என்று நிலையம் சொன்னது. 311 முறை என்று பொலிஸ் திணைக்களம் கணக்குக் காட்டியது. நான் வழக்கறிஞன், எதிர்த்தரப்பின் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். 311 என்றாலும் நூற்றுக்கு இரண்டு இல்லை. அவ்வழைப்புக்களில் பல எப்படியும் பொலிஸ் போயிருக்கத் தேவையில்லாதவை, ஆகவே பொலிசின் சுமை அவர்கள் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை என்றும் திணைக்களம் வாதிட்டது. அந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம். பொலிசின் சுமையைக் குறைப்பதற்காக நான் இதைக் கேட்கவில்லை. கயிற்றால் கட்டப்பட்டுக் கிடக்கும் மனிதனுக்காகக் கேட்கிறேன்.

செலவு? யூஜீனுக்கும் அயல் நகரான ஸ்பிரிங்பீல்டுக்கும் சேர்த்து அக்குழுவுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய இருபத்தொரு இலட்சம் டொலர் போனது. அதே இரு நகரங்களின் பொலிஸ் செலவு ஒன்பது கோடி டொலரளவில் இருந்தது. 2020 இல் ஜோர்ஜ் புளொயிட் என்ற கறுப்பின மனிதர் பொலிஸ்காரரின் முழங்காலின் கீழ் மாண்டபின் அமெரிக்கா முழுவதும் யூஜீனைத் திரும்பிப் பார்த்தது. டென்வர் நகரம் அவ்வாண்டிலேயே அதைப் பின்பற்றிற்று. 2021 இல் மத்திய அரசாங்கம், இத்தகைய குழுக்களை அமைக்கும் மாநிலங்களுக்குச் செலவில் நூற்றுக்கு 85 பங்கை மூன்று ஆண்டு காலத்துக்குத் தருவதாகச் சட்டம் செய்தது.

பின்பு நடந்ததையும் மறைக்காமல் சொல்லவேண்டும். வழிகாட்டிய அதே யூஜீனில், 2025 ஏப்பிரலில் கஹூட்ஸ் வான் நின்றுபோயிற்று. நிலையத்துக்குப் பண நெருக்கடி. நகரத்துக்கும் அதற்கும் இடையில் உடன்பாடு முறிந்தது. முப்பத்தைந்து ஆண்டு ஓடிய வண்டி நின்றது. அதற்குத் திறமை போதாதென்றோ மக்கள் அதை வெறுத்தார்களென்றோ எவரும் சொல்லவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நிதியிலே அதை வைத்திருந்தார்கள். பொலிஸ் திணைக்களத்தையும் தீயணைப்புப் படையையும் வைத்ததுபோல் நகரத்தின் நிரந்தர உறுப்பாய் வைக்கவில்லை. தொண்டு நிறுவனத்தின் தோளிலே அரசாங்கத்தின் கடமையை ஏற்றிவிட்டு, தோள் சோர்ந்தபோது அரசாங்கம் ஒதுங்கி நின்றது.

இந்தக் கதை நமக்குப் புதிதா? 2004 டிசம்பர் 26 இல் கடல் ஏறிவந்தபின் நம் கரையோரங்களில் எத்தனை வெள்ளை வாகனங்கள் வந்தன! எத்தனை உளவளத் துணையாளர்கள் வந்தார்கள்! 2009 மே மாதத்துக்குப் பின் வன்னியிலும் அவ்வாறே சிலர் வந்தார்கள். நல்லவர்கள், கண்ணீரைத் துடைத்தவர்கள். திட்டக் காலம் முடிந்தது, வாகனம் திரும்பிற்று. தாய் ஒருத்தி தன் காணாமற்போன மகனைப் பற்றிப் பாதி சொல்லியிருந்தாள். மீதியைக் கேட்க ஆள் இல்லை. போர் தனி மனிதனை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியது என்று பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக எழுதிவந்தார். ஊரளவு பரந்த காயத்துக்கு இரண்டாண்டுத் திட்டம் மருந்தாகுமா?

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது பொய். 2005 இல் மந்திரிசபை ஏற்றுக்கொண்ட மனநலக் கொள்கை, அங்கொடையை நோக்கியே எல்லோரையும் அனுப்பும் பழைய முறையை விட்டு மாவட்டந்தோறும் சிகிச்சைப் பிரிவு வேண்டுமென்றது. மனநல வைத்திய உத்தியோகத்தர்கள் நியமிக்கப்பட்டார்கள். யாழ்ப்பாணத்திலும் தெல்லிப்பழையிலும் மனநோய்ப் பிரிவுகள் போர்க்காலத்திலும் உழைத்ததை இங்குள்ள வைத்தியர்கள் அறிவார்கள். தேசிய மனநல நிறுவகம் 1926 என்ற இலக்கத்தில் தொலைபேசித் துணை அமைத்தது. இந்த இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் கொப்பியிலும் எழுதி வையுங்கள். ஆனால் தொலைபேசிக் குரல் வீட்டு வாசலுக்கு வராது. வைத்தியசாலைப் பிரிவும் வாசலுக்கு வராது. நோயாளிதான் அதன் வாசலுக்குப் போகவேண்டும். முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் நூறு கிலோமீட்டருக்கு மேல். நள்ளிரவில், அலறும் மனிதனை எதில் ஏற்றிக்கொண்டு போவது? லாண்ட்மாஸ்டர் பெட்டியிலா?

ஆகவே நாம் கேட்கவேண்டியது என்ன? ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் ஆதார வைத்தியசாலையோடு இணைந்த குழு: மனநோய்த் துறையில் பயின்ற தாதி ஒருவர், உளசமூக உத்தியோகத்தர் ஒருவர், சாரதி, ஒரு வாகனம், தொலைபேசியில் ஆலோசனை சொல்ல ஒரு வைத்தியர். இரவும் பகலும் முறைவைத்து வேலை. 1990 க்கு வரும் அழைப்பு மனநெருக்கடியாயின் இக்குழுவுக்குத் திருப்பப்பட வேண்டும். குழுவினர் நோயாளியின் தாய்மொழியைப் பேசுவோராய் இருக்கவேண்டும். இதை நான் மொழிப் பற்றினால் மட்டும் சொல்லவில்லை. முறிந்த எலும்பை எந்த மொழி தெரிந்தவரும் கட்டலாம். மன நெருக்கடியில் பேச்சேதான் மருந்து. மன்னாரில் தமிழும், வவுனியாவின் தெற்கே சிங்களமும் அவ்வாறே அமையவேண்டும். ஆயுதம் கையிலுள்ள இடத்துக்குப் பொலிசும் கூடவே போகட்டும். நான் கற்பனை உலகத்தில் வாழவில்லை. ஆனால் முதலில் முன்வாசலால் நுழைபவர் சீருடை அணிந்தவராய் இருக்கவேண்டாம்.

பணத்தை எந்தப் பெட்டியிலிருந்து எடுப்பது என்பதே உயிரான கேள்வி. 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று கைவிரித்த நாட்டிடம் புதிய செலவு கேட்பதா என்பார்கள். மாவட்டத்துக்கு ஒரு வாகனமும் சில சம்பளங்களும் நாட்டைக் கவிழ்த்த செலவுகள் அல்ல. கவிழ்த்தவை எவை என்று நீங்கள் அறிவீர்கள். வாகனத்தை எவரும் நன்கொடையாகத் தருவர்; வாகனத்துக்குப் படம் பிடிக்கலாம், நாடா வெட்டலாம். சம்பளத்துக்கு நாடா வெட்ட முடியாது. ஆகையால் சம்பளத்தைத்தான் நாம் கேட்கவேண்டும். சுகாதாரச் செலவின் மீண்டெழும் செலவினத்தில் தனித் தலைப்பு. திறைசேரி ஒப்புக்கொண்ட ஆளணியில் நிரந்தரப் பதவிகள். இவ்விரண்டும் இல்லாத எந்த வாக்குறுதியையும் ஏற்கக்கூடாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை கொழும்பு அமைச்சின் கீழ். ஆதார வைத்தியசாலைகளோ பதின்மூன்றாந் திருத்தத்தின்படி மாகாணத்தின் கீழ். 2013 இல் தெரிவுசெய்யப்பட்ட வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் நிர்வாகம் ஆளுநர் கையில் சென்றது. மக்களால் தெரியப்பட்ட சபை இல்லாத இடத்தில் இத்தகைய தேவைகளை எழுதிக்கேட்க எவருக்கும் கட்டாயமில்லை. "மாகாணத்தைக் கேளுங்கள்" என்று கொழும்பும், "கொழும்பு பணம் தரவில்லை" என்று மாகாணமும் சொல்லும்போது நடுவிலே கயிற்றால் கட்டப்பட்டவன் கிடப்பான். ஆகவே நம் விண்ணப்பம் ஒரே நாளில் இருவருக்கும் போகவேண்டும். ஒருவருக்குப் போனதன் படி மற்றவருக்கும் போகவேண்டும்.

அந்த விண்ணப்பத்தை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். வாசலருகே மேசையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. வைத்தியர்கள் அதைப் படித்து, பதவிகளின் பெயர்களில் பிழையிருந்தால் இன்றே திருத்தித் தரவேண்டும். கமக்காரர் அமைப்புக்களின் செயலாளர்கள் தத்தம் கூட்டத்தில் வைத்து, தீர்மானமாக்கி, வரவு செலவுத் திட்டத்துக்கு முன் எனக்குச் சேர்ப்பிக்கவேண்டும். முதற் கையொப்பம் ஏற்கெனவே விழுந்திருக்கிறது. நான் முன்பு சொன்ன என் சின்னையாவின் மகன் வன்னியிலிருந்து பஸ் ஏறிவந்து, பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். தன்னைப் பற்றிச் சொல்லலாம் என்று அவரே எனக்கு அனுமதி தந்தார்.